யார் அந்த நானூறு பேர்?

காதுள்ளவர்களே, வாருங்கள். காம்பியா ஆற்றின் வடகரையில், சாலிதெந்தா என்னும் ஊரின் பள்ளிக்கூட முற்றத்தில் வந்து நில்லுங்கள். அங்கே ஓர் ஊரின் வாக்கு கொலை செய்யப்பட்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை. கத்தி பாயவில்லை. ஒரு பேனா நகர்ந்தது, அவ்வளவுதான். அந்தப் பேனாவைப் பிடித்தது அயலான் கையாக இருந்திருந்தால், இந்தக் கதையைச் சுமந்து வந்து உங்கள் முன்னால் இறக்கியிருக்க மாட்டேன். அது ஊர் நம்பி உள்ளே அனுப்பிய கை. மனைவி யாந்தே ஆக்கிய சோற்றை இருபத்திரண்டு ஆண்டுகள் அள்ளித் தின்ற கை. வந்து பாருங்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் போகத் துணிவிருந்தால் போங்கள்.

தேர்தல் நடந்தது டிசம்பர் மாதத்து வியாழக்கிழமையில். பாலைவனத்திலிருந்து புறப்பட்ட வறட்காற்று அன்று காலை முதலே புழுதியை வாரித் தூற்றிக்கொண்டிருந்தது. உதடுகள் வெடித்தன. ஆற்றின் அக்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. கடலை பிடுங்கி, போர் போட்டு, அடித்துத் தூற்றி முடித்த பருவம் அது. ஆண்கள் மூட்டைகளைக் கிடங்குக்குக் கொண்டுபோக, பெண்கள் மறு ஆண்டுக்கான விதைக் கடலையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். விதைக் கடலையை இடித்து உடைக்கக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தி, ஓட்டைப் பிளந்து, உள்ளிருக்கும் பருப்பின் செந்தோல் கிழியாமல் எடுக்க வேண்டும். தோல் கிழிந்தால் முளை வராது. ஒவ்வொரு கிண்ணம் நிறையும்போதும் உடைக்காத கடலை ஒன்றைத் தனியே சுரைக்குடுக்கையில் போட்டுவைப்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். மாலையில் குடுக்கையைக் கவிழ்த்தால், யார் எத்தனை கிண்ணம் உடைத்தாள் என்பது சண்டையில்லாமல் தெரிந்துவிடும்.

யாந்தே அன்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே மாமரத்தடியில் பாயை விரித்து, விடிந்ததும் விடியாததுமாகக் கடலையோடு உட்கார்ந்துவிட்டாள். கூடவே தியாபு அக்கா. அவளுடைய கால்கள் இரண்டும் வீங்கிப் பூசணிக்காய் போலிருந்தன. ஆனாலும் எதிர்க்கட்சிக்கு ஒரு வாக்குப் போடாமல் சாக மாட்டேன் என்று கழுதை வண்டியில் வந்து இறங்கியிருந்தாள்.

"ஏ அடிமைப் பொண்ணே! எசமான் வர்றேன், எந்திரிச்சு நின்னு மரியாதை குடுக்க மாட்டியா?"

குரல் மாடு மேய்க்கும் யோரோவினுடையது. அவன் ஃபுலா இனத்தவன். யாந்தே செரேர் இனத்தவள். இவ்விரு இனத்தாரும் முகத்துக்கு நேரே எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். முன்னோர் வைத்த கேலி முறை அது. சொன்னவன் மேல் குற்றமில்லை. கோபித்துக்கொள்பவர்தான் ஊருக்குக் குற்றவாளி.

"போடா மாட்டுத் திருடா. ஒன் எசமான்தனத்த அந்தப் போலீஸ்காரங்கிட்ட காட்டறதுதான? மாட்டு மணிக்குள்ள புல்ல அடைச்சுக்கிட்டு ஊமையாட்டம் ஓட்டிக்கிட்டுப் போற."

"என்னா பண்ணச் சொல்ற? சைக்கிளுக்கும் மணி கூடாதாம், மாட்டுக்கும் மணி கூடாதாம். இன்னைக்கு இந்த ஊருல மணி அடிக்கிற உரிமை உள்ள இருக்கிற மூணு பீப்பாய்க்கு மட்டும்தான்."

அவன் சொன்னது உண்மை. அந்த நாட்டில் வாக்கு என்பது ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. மறைப்புக்குப் பின்னால் கட்சிக்கொரு வண்ணமாகப் பீப்பாய்கள் இருக்கும்: ஆளுங்கட்சிக்கு நீலம், எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு வெள்ளை, மூன்றாமவருக்குச் சிவப்பு. பிடித்த பீப்பாயின் குழாயில் குண்டைப் போட்டால், அது உருண்டு போய் உள்ளே கட்டியிருக்கும் மணியில் மோதும். ஒருவருக்கு ஓர் ஓசை. இரண்டாவது ஓசை கேட்டால் போலீஸ் உள்ளே பாயும். மூன்று மணிக்கும் ஒரே ஓசைதான். யாருக்குப் போட்டார் என்பதைக் காது கண்டுபிடிக்காது. ஆனால் எத்தனை பேர் போட்டார்கள் என்பதைக் காது தவறவிடாது.

'டிங்.'

யாந்தேயின் வலக்கை கடலையைப் பிளந்துகொண்டிருக்க, இடக்கை உடைக்காத கடலை ஒன்றை எடுத்துப் பக்கத்திலிருந்த காலிக் குடுக்கையில் போட்டது.

"அது என்னா அது? மணிக்கு ஒரு கடலை வரி வாங்கறியா?" என்றான் யோரோ.

"கை பாட்டுக்குப் போடுது. கிண்ணத்துக்கு ஒண்ணு போட்டுப் பழகின கை."

"வேணும்னா எனக்கும் சேத்து ரெண்டாப் போடு."

"ஒனக்கு ஒண்ணே அதிகம். மாட்ட விட்டுட்டு வரிசைல போய் நில்லு, போ."

தியாபு அக்கா வெடித்துச் சிரித்தாள். "வெள்ளைக்குப் போடுடா யோரோ. போன தடவ மாதிரி நீல சட்டை குடுத்தாங்கன்னு மயங்கிராத."

"சட்டை கிழிஞ்சு ரெண்டு வருசமாச்சு அக்கா. மயக்கமும் கிழிஞ்சுபோச்சு."

யாந்தேயின் கண் அடிக்கடி பள்ளிக்கூடச் சன்னலுக்குப் போனது. உள்ளே, கட்சி முகவர்களின் பெஞ்சில், வெளுத்த சட்டையோடு, எதிர்க்கட்சியின் முகவராக அவள் கணவன் பிராம் உட்கார்ந்திருந்தான். முதலில் அந்தப் பெஞ்சுக்குப் பெண்கள் சங்கம் தேர்ந்தெடுத்தது யாந்தேயைத்தான். வீடு வீடாகப் போய்ப் பேசியவள் அவள். கருவுற்றவளையும் கண் தெரியாதவளையும் பெயர் பதிய வைத்தவள் அவள். "பொண்டாட்டி உள்ள ஒக்காந்து புருஷன் வெளிய நின்னா ஊரு சிரிக்கும் யாந்தே," என்று பிராம் சொன்னான். ஊர் சிரிக்கக் கூடாதென்று அவள் இடத்தை விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுப்பதைப் பெண்ணுக்குப் பெருமையென்று சொல்லி வளர்த்தார்களே, அந்தப் பெருமைக்கு ஓர் ஊர் கொடுத்த விலையைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. அதுவரை தொழுகைக்கு எழுந்தபோதும், தன் வாக்கைப் போடப் போனபோதும், தியாபு அக்காவை உட்கார வைத்துவிட்டுத்தான் யாந்தே குடுக்கையை விட்டு நகர்ந்தாள். பிறகு எண்ணிக்கைக்காகக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருநூறு குழிகள் கொண்ட மரப்பலகையில் குண்டுகளைக் கொட்டி நிரப்பும் ஓசை கலகலவென்று கேட்டது. முகவர்கள் தவிர யாருக்கும் அனுமதியில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் பிராம் வாசலுக்கு வந்து, இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

"நம்ம வெள்ளைதான் மேல!"

பெண்கள் சுரைக்குடுக்கைகளைத் தட்டி ஆடினார்கள். தியாபு அக்கா வீங்கிய காலோடு வண்டியில் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினாள். யாந்தே அன்றிரவு உலர்ந்த மீன் போட்டுக் கடலைக் குழம்பு வைத்தாள். பிராமின் கிண்ணத்தில்தான் பெரிய துண்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வானொலி, நாடெங்கும் நீலமே வென்றது என்று அறிவித்தது. சனிக்கிழமை பள்ளிக்கூடச் சுவரில் முடிவுத் தாளை ஒட்டினார்கள். ஊரே கூடியது. எழுத்துத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் உரக்க வாசித்தார்: வெள்ளை முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று, சிவப்பு முப்பத்து நான்கு, நீலம் அறுநூற்றுப் பதினெட்டு. மொத்தம் ஆயிரத்து நாற்பத்து மூன்று.

"ஆயிரமா? எங்க ஊருல அவ்வளவு பேர் எங்கய்யா இருக்கான்? ஆட்டையும் சேத்துட்டீங்களா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கடலைக் கிடங்கின் தலைவரும் ஆளுங்கட்சியின் ஊர்ப் பெரும்புள்ளியுமான மலாங், நீண்ட அங்கியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "துணை வாக்காளர் பட்டியல்னு ஒண்ணு உண்டு. ஆத்தோரத்துல இருந்து லாரில வந்து போட்டுட்டுப் போனாங்க. நீங்க பாக்கலன்னா அது தேர்தலோட குத்தமா?"

யாந்தே வீட்டுக்கு நடந்தாள். குடுக்கையைப் பாயில் கவிழ்த்து, பத்துப் பத்தாகப் பிரித்தாள். அறுநூற்று நாற்பத்து மூன்று. தியாபு அக்கா வந்து எண்ணினாள். அறுநூற்று நாற்பத்து மூன்று. நானூறு மனிதர்கள் லாரியில் வந்து, வரிசையில் நின்று, மணியடித்துவிட்டுப் போயிருந்தால், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவளின் காதுக்குத் தப்பி அந்த நானூறு மணியும் எங்கே போய் ஒளிந்தன? நானூறு என்றால் இருநூறு குழிப் பலகை இரண்டு. இரண்டு பலகையை வாயாலேயே நிரப்பிவிட்டார்கள்.

"பிராம்கிட்ட ஒரு படி இருக்கும்ல? முகவருக்கு ஒரு தாள் குடுப்பாங்களே," என்றாள் தியாபு அக்கா.

பிராமைக் கேட்டபோது, கட்சிக்காரர்களிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். கட்சிக்காரர்களைக் கேட்டபோது, இன்னும் வரவில்லை என்றார்கள். மறுபடி பிராமைக் கேட்டபோது, எலி இழுத்திருக்கும் என்றான். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க யாந்தே இரண்டு நாள் பாடுபட்டாள்.

திங்கட்கிழமை அவள் முற்றத்தில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து யோரோ எட்டிப் பார்த்தான். அன்று அவன் சிரிப்பில் வழக்கமான குறும்பு இல்லை.

"ஏ அடிமைப் பொண்ணே, ஒன் புருஷனுக்கு வீட்டுல டீ போட்டுத் தர மாட்டியா?"

"ஏன், ஒன் பால்ல பாதி தண்ணின்னு குடிக்கறதில்ல."

"அதான் மலாங் வீட்டுக்குப் போயிட்டான். வெள்ளிக்கிழமை காலைல பால் ஊத்தப் போனேன். ரெண்டு பேரும் ஒக்காந்து மூணு சுத்து டீ குடிச்சாங்க. கரி புடிக்கல. காகிதம் வெச்சுக் கொளுத்தினாங்க." அவன் சற்று நிறுத்தினான். "நல்ல காகிதம். முத்திரையெல்லாம் போட்டு, கீழ நாலஞ்சு கையெழுத்தோட. செரேர்காரனுக்கு டீயப் போடறதுக்குக்கூட அரசாங்க முத்திரை வேணும்போல."

உலக்கை நின்றது.

"கேலி பண்றியா?"

"நான் என்னைக்கு ஒங்கிட்ட கேலி பண்ணாமப் பேசியிருக்கேன்? கோவிச்சுக்காத. கோவிச்சா நீதான் குத்தவாளி." மாட்டுக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான். மற்றவர் வாய் திறந்தால் மலாங்கின் பகை வரும். யோரோ சொன்னதோ முறைக்காரியிடம் சொன்ன கேலி. அதற்காக அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஊரில் உண்மை நுழைவதற்கு அந்த ஒரு சந்துதான் மிச்சமிருந்தது.

பிராம் மதியச் சோற்றுக்கு வந்தான். யாந்தே கிண்ணத்தை வைக்கவில்லை.

"சாவி எதுக்கு?"

"எந்தச் சாவி?"

"சட்டைக்குள்ள இடுப்புல குத்திக்கிட்டு இருக்கே. ராத்திரி புரண்டு படுக்கும்போது சத்தம் கேக்குது. எனக்குக் காது நல்லாருக்கு."

பிராம் உட்கார்ந்தான். "கிடங்குத் தராசுச் சாவி. இந்தப் பருவத்துல இருந்து நாந்தான் தராசுக்காரன். மலாங் சொல்லிட்டாரு. ஒங்கிட்ட சந்தோசமாச் சொல்லலாம்னு இருந்தேன்."

"தாள என்னா பண்ணின?"

"என்னா தாள்?"

"ஒவ்வொண்ணா கேக்க வைக்காத. மொதத் தாளக் கொளுத்திட்டு ரெண்டாந் தாள்ல கையெழுத்துப் போட்டியா?"

அவன் தரையில் சிந்திய கம்பைப் பொறுக்கினான். நான்கு மணிகளைப் பொறுக்கி, மறுபடி தரையிலேயே போட்டான்.

"எல்லாரும் போட்டாங்க. தேர்தல் அதிகாரியே போட்டாரு. நான் ஒருத்தன் போடலன்னா என்னா நின்னுபோகுமா? நாடு முழுக்க நீலம் ஜெயிச்சாச்சு யாந்தே. நம்ம ஊரு நானூறு அதுல எங்க இருக்கு? கடல்ல எச்சி துப்பின மாதிரி. அதுக்காக நான் காலம் பூரா அடுத்தவன் தராசு முன்னாடி மூட்டையோட நிக்கணுமா?"

"எல்லா ஊருலயும் ஒருத்தன் இப்படித்தான சொல்லியிருப்பான்? எங்க ஊரு நானூறுதான்னு."

"எனக்குப் பயமா இருந்துச்சு."

"பயந்து போட்டியா, சாவிக்குப் போட்டியா?"

அவன் மறுபடி கம்பைப் பொறுக்கத் தொடங்கினான்.

"பயந்து போட்டேன்னா, வந்து என் பக்கத்துல ஒக்காரு, நானும் பயப்படறேன், ரெண்டு பேரும் சேந்து பயப்படலாம். நாளைக்குக் கடற்கரைப் பட்டணத்துல இருந்து சங்கம் கூப்பிட்ட வக்கீலம்மா வருது. வழக்குப் போட பத்து நாள்தான் கெடு. நடந்தத அந்தம்மாகிட்ட சொல்லு. முகவரே சொன்னா போதும், தாள் வேண்டாம்."

"பாக்கலாம்," என்றான் பிராம். அவள் அந்தச் சொல்லை நம்பினாள். நம்பத்தான் வேண்டியிருந்தது, வேறு என்ன இருந்தது அவளிடம்?

செவ்வாய்க்கிழமை வக்கீல் வந்தாள். ஒல்லியான பெண், புழுதிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊர் சுற்றி நின்றது. மலாங்கும் வந்து நின்றார். அங்கியின் கஞ்சி மடிப்புக் கலையவில்லை.

"முகவரோட தாள் எங்க?" என்றாள் வக்கீல்.

"இல்லம்மா," என்றாள் யாந்தே. "முகவர் இருக்காரு. அவரே சொல்வாரு."

எல்லாக் கண்களும் பிராம் மேல் திரும்பின. அவன் எழுந்தான். மலாங்கைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"சுவத்துல ஒட்டியிருக்கிறதுதான் நான் எண்ணிப் பாத்தது. நான் பாத்ததுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

தியாபு அக்கா வாய்விட்டு ஓலமிட்டாள், இழவு விழுந்த வீட்டில் போல. "வெள்ளைதான் மேலன்னு கையத் தூக்கினியேடா பாவி! இதே வாசல்ல தூக்கினியே! நான் வீங்கின காலோட ஆடினேனே!"

பிராம் உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் சாவி உறுத்தியிருக்க வேண்டும். கையால் அதைச் சற்றே நகர்த்தினான். அந்தச் சிறு அசைவை யாந்தே பார்த்தாள். கையெழுத்தைவிட அந்த அசைவுதான் அவளைக் கொன்றது.

வக்கீல் தாள்களை மடித்தாள். "தாளும் இல்ல, சாட்சியும் இல்லன்னா நான் எத வெச்சு வழக்குப் போடறது?"

யாந்தே வீட்டுக்குப் போனாள். குடுக்கையைத் தூக்கிவந்து, ஊர் நடுவே வைத்தாள்.

"அன்னைக்கு மணி அடிச்சவங்க எல்லாரும் வாங்க. ஆளுக்கு ஒரு கடலை எடுத்துக்குங்க. நீலமா வெள்ளையான்னு நான் கேக்கல. கேக்க எனக்கு உரிமையும் இல்ல. நான் வந்தேன், ஒரு தடவ அடிச்சேன்னு பேரச் சொல்லுங்க, இந்தம்மா எழுதட்டும், கைநாட்டு வைங்க. எங்க எல்லாருக்கும் கடலை குடுத்தப்பறம் அந்த லாரில வந்த நானூறு பேரும் வரட்டும். அவங்களுக்கு நான் மூட்டையே அவுக்கறேன்."

யாரும் நகரவில்லை. காற்று மட்டும் நகர்ந்தது. மலாங் அங்கே நிற்கிற ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஊரில் விலையுண்டு: அவர் கிடங்கு திறந்தால்தான் அடுத்த விதைப்பு.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நீல முக்காடு. மலாங்கின் இரண்டாம் மனைவி.

"எங்க போற?" என்றார் மலாங்.

"நான் நீலத்துக்குத்தான் போட்டேன்," என்றாள் அவள், கணவனுக்கும் ஊருக்கும் சேர்த்து. "ஆனா ஒரு தடவதான் போட்டேன்." குனிந்து ஒரு கடலையை எடுத்துக்கொண்டு, வக்கீலின் மைப் பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினாள்.

பிறகு யோரோ வந்தான். "எசமானுக்கு ரெண்டு குடு."

"ஒண்ணு," என்றாள் யாந்தே. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஒண்ணுதான்டா திருடா."

பிறகு தியாபு அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு வரிசை தானாக நின்றது, தேர்தல் அன்று நின்றது போலவே. மாலைவரை வந்துகொண்டேயிருந்தார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பெயர்கள், ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் கட்டைவிரல்கள். சிலர் மீன்பிடிக்க ஆற்றில் இருந்தார்கள். சிலர் பட்டணம் போயிருந்தார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். குடுக்கையில் நாற்பத்தைந்து கடலைகள் மிஞ்சின. லாரியில் வந்த நானூறு பேரில் ஒருவரும் வரவில்லை.

"கோர்ட்டுல இதுக்கு என்னா மதிப்பு இருக்கும்னு எனக்குத் தெரியல," என்றாள் வக்கீல், வண்டியில் ஏறும்போது. பட்டியலை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை.

யாந்தே வீட்டுக்கு வந்தாள். மிஞ்சிய கடலைகளிலிருந்து ஒன்றை எடுத்து, பிராம் படுக்கும் பாயின் தலைமாட்டில் வைத்தாள். அவனும் அன்று ஒருமுறை மணியடித்தவன்தானே, அது அவனுடையது. அவன் கிடங்குக்குப் போய்த் திரும்பினான், தூங்கினான், எழுந்தான். கடலை அங்கேயே கிடந்தது. அவள் அவனுக்கு இன்றும் சோறு வைக்கிறாள். பெரிய துண்டு மட்டும் விழுவதில்லை. வைத்துவிட்டு, காதைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள்.

வழக்கு எண் பெற்று, ஒரு மேசையில் கிடக்கிறது. பதவியேற்பு முடிந்தது. மரியாதைப் பீரங்கி வெடித்தது. மழை வந்தது; விதைக் கடலை மண்ணுக்குள் போனது, முளைத்தது. வழக்கை மட்டும் இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

அந்த மாமரத்தடியில் இவ்வளவு நேரம் நின்றவர்களே! அங்கே ஒருத்தி தன் வீட்டையே உடைத்து உண்மையை எடுத்தாள், செந்தோல் கிழியாமல் எடுத்தாள். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? உங்கள் ஊரிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் உள்ளே போய் உட்காரும் கை யாருடையது என்று இப்போதே கேளுங்கள். உட்காரத் தகுந்தவள் உங்கள் வீட்டில் இருந்தால், ஊர் சிரிக்குமென்று அவளை வெளியே நிறுத்தாதீர்கள். வாக்குப் போட்டதும் வீட்டுக்குப் போகாதீர்கள். வெளியே உட்கார்ந்து எண்ணுங்கள். கடலை இல்லையென்றால் கல்லைப் போட்டு எண்ணுங்கள். தாளைக் கேட்டு வாங்குங்கள். தரும்வரை நாற்காலியை விட்டு நகராதீர்கள். சாலிதெந்தாவின் வழக்கைக் கூப்பிடச் சொல்லி எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கட்டைவிரலை மையில் தோயுங்கள். அந்த நீதிமன்றத்தின் கதவு திறக்கும்வரை ஒரே ஒரு கேள்வியால் தட்டுங்கள்:

யார் அந்த நானூறு பேர்?